லீக் ஒப்பந்தமா, செவன்ஸா, இங்கிலாந்தா? 19 வயது ரக்பி வீராங்கனை முன்னால் இருக்கும் வழிகள்

டார்ஷா கேல் கோப்பை என்பது நியூ சவுத் வேல்ஸில் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆடும் ரக்பி லீக் (அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி வகை) போட்டி. அதில் ஒரு பெண் கவனிக்கும்படி ஆடிவிட்டால், சீசன் முடிவதற்குள்ளேயே வீட்டுக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். ஒரு கிளப் "முதல் 24 பேரில் இடம் இருக்கிறது, ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு" என்னும். இன்னொரு கிளப் "எங்களோடு பயிற்சிக்கு வா, இடம் கிடைக்குமா என்று பிறகு பார்க்கலாம்" என்னும். ஓட்டம் வேகமாக இருந்தால், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பிக்காரர்களும் கேட்பார்கள். சிட்னியின் பரமட்டா ஈல்ஸ் கிளப்பின் சுற்றுவட்டாரமான துங்காபி, பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே பள்ளியில் பந்தைத் தொட ஆரம்பித்து லீக் வரை வந்துவிட்ட மகளைப் பார்த்து அப்பா அம்மா முதலில் கேட்பது ஒன்றுதான்: இதில் சோறு கிடைக்குமா?

கேள்வி நியாயமானது. பதில் அவள் எந்த வழியில் போகிறாள் என்பதைப் பொறுத்தது. வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன், எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 19 வயதில் தொகையைப் பார்த்து முடிவெடுப்பது தவறு. அடுத்த இரண்டு வருஷத்தில் களத்தில் எத்தனை நிமிஷம் நிற்கப்போகிறாள், அடிபட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கீழே வரும் கணக்குகள் எல்லாம் அந்த இரண்டில்தான் போய் முடிகின்றன.

என்.ஆர்.எல்.டபிள்யூ.: கணக்கைப் பிரித்துப் பார்த்தால்

என்.ஆர்.எல்.டபிள்யூ. என்ற ஆஸ்திரேலியப் பெண்கள் ரக்பி லீக் 2018-ல் நான்கு அணிகளோடு தொடங்கியது: பிரிஸ்பேன் பிராங்கோஸ், சிட்னி ரூஸ்டர்ஸ், செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா டிராகன்ஸ், நியூசிலாந்து வாரியர்ஸ். 2023-ல் அணிகள் பத்தாயின. 2025-ல் கேன்டர்பரி புல்டாக்ஸ் புதிதாக வந்தது, இடையில் விலகியிருந்த வாரியர்ஸும் திரும்பியது, ஆக மொத்தம் 12. ஓர் அணிக்கு 24 பேர் என்றால் 288 இடங்கள். உலகத்தில் பெண்கள் ரக்பி லீக் ஆடிச் சம்பளம் வாங்க இதைவிடப் பெரிய இடம் கிடையாது.

2023-ல் கையெழுத்தான ஐந்து வருஷக் கூட்டு ஒப்பந்தம்தான் இன்றைய சம்பளத்துக்கு அடிப்படை. அதன்படி குறைந்தபட்சச் சம்பளம் 2023-ல் 30,000 ஆஸ்திரேலிய டாலர், 2027-ல் 50,600 டாலர். ஒரு கிளப் மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 9 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 15 லட்சத்துக்குப் போகிறது. 24 பேருக்குப் பிரித்தால் சராசரி 37,500-லிருந்து 62,500 ஆகிறது. செய்திகளில் தலைப்பாக வருவது இந்தச் சராசரிதான். 19 வயதுப் பெண் அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

ஏன் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 2027-ல் ஓர் அணி 20 பேருக்குக் குறைந்தபட்சத்தைக் கொடுத்தால் அதற்கே 10,12,000 டாலர் போய்விடும். மிச்சம் 4,88,000. அதை நான்கு பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,22,000. எல்லாக் கிளப்பும் இப்படித்தான் பிரிக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபுல்பேக் (எல்லாருக்கும் பின்னால் நிற்பவர்), ஹாஃப்பேக் (ஆட்டத்தை நடத்துபவர்) போன்ற இடங்களுக்குப் பெயர் பெற்ற ஒருவரைப் பிடிக்க நினைக்கும் எந்தக் கிளப்பும், அந்தப் பணத்தை நடுவில் இருப்பவர்களிடமிருந்துதான் எடுத்தாக வேண்டும். புதிதாக வருகிற பெண் தன் கணக்கில் எழுத வேண்டியது குறைந்தபட்சத்தை மட்டும். அதற்கு மேலே வருவதெல்லாம் ஆதாயம்.

அந்தக் குறைந்தபட்சம் எவ்வளவு பெரியது? 50,600-ஐ 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 973 டாலர். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையில் வாரத்துக்கு 38 மணி நேரம் வேலை செய்யும் வயதுவந்தவருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டியிருந்த குறைந்தபட்சக் கூலி 948 டாலர். அதாவது லீக்கின் 2027-ஆம் வருஷக் குறைந்தபட்சம், 2025-ல் சட்டக் குறைந்தபட்சக் கூலிக்கு முழுநேரம் வேலை பார்த்தவரின் வருமானத்தை ஒட்டியே நிற்கிறது. ஒரு வித்தியாசம் இருக்கிறது. 2025 சீசன் ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்து அக்டோபர் 5 இறுதியாட்டத்தோடு முடிந்தது. முன்பயிற்சியையும் சேர்த்தால் ஐந்து மாதம் சொச்சம். மிச்ச மாதங்களில் அவள் படிக்கலாம், வேறு வேலை பார்க்கலாம். பெற்றோர் வீட்டிலிருந்தே பயிற்சிக்குப் போகிற சிட்னிப் பெண்ணுக்கு இந்தப் பணம் தாராளம். டவுன்ஸ்வில்லுக்கோ கான்பெராவுக்கோ குடிபெயர்ந்து தனி வாடகை கொடுக்கிறவளுக்கு இழுபறிதான். ஒரே தொகைதான், ஆனால் இரண்டு பேருக்கும் அது ஒன்றல்ல.

தொகையைவிடப் பெரிதாக நாங்கள் நினைப்பது அந்த ஒப்பந்தத்தோடு வரும் மற்ற இரண்டு விஷயங்கள். ஒன்று, 12 மாதத்துக்கும் தனியார் மருத்துவக் காப்பீடு. இன்னொன்று, கர்ப்பம், குழந்தை வளர்ப்பு விடுப்புக்கான விதிகள். சாம் பிரெம்னர் பிள்ளைகள் பெற்ற பிறகு திரும்பி வந்து 2022 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் கூட்டுத் தலைவர்களில் ஒருவராக நின்றார். அப்படித் திரும்பி வருவது ஒருத்தியின் மன உறுதியை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்பதற்குத்தான் இந்த விதிகள்.

24 பேரில் 17 பேர்தான் ஆடுவார்கள்

ஆட்ட நாளில் 13 பேர் களத்தில், 4 பேர் பெஞ்சில். மீதி 7 பேர் வீட்டு உடையில் பார்வையாளர் வரிசையில் உட்காருவார்கள். 11 சுற்று லீக்கில் அந்த ஏழில் ஒருத்தியாக ஒரு வருஷத்தைக் கழித்துவிட்டால், இரண்டாவது ஒப்பந்தம் பேச வரும்போது காட்டுவதற்கு ஆட்ட வீடியோவே இருக்காது. அதனால் எந்தக் கிளப் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் கிளப்பில் உங்கள் இடத்துக்கு எத்தனை பேர் என்று பாருங்கள்.

இதற்கு வழி எளிது. அணியின் பெயர்ப் பட்டியலை எடுத்து, உங்கள் இடத்தில் ஆடுகிறவர்களின் வயது, ஒப்பந்தம் முடியும் வருஷம் இரண்டையும் எழுதுங்கள். முன்வரிசையில் மோதி ஆடும் ப்ராப், அவர்களுக்கு அடுத்த இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்கள் ஓர் ஆட்டத்திலேயே மாற்றி மாற்றி இறக்கப்படுவார்கள். பெஞ்சிலும் அவர்களே அதிகம். அதனால் புதிய பெண்ணுக்கு 15, 20 நிமிஷமாவது கிடைக்கும். ஹாஃப்பேக்கும் ஃபுல்பேக்கும் அப்படியில்லை. முதல் ஆள் 70 நிமிஷமும் ஆடுவார், அவருக்கு அடிபட்டால்தான் அடுத்தவருக்கு வழி. தரையிலிருந்து பந்தை எடுத்து வீசும் ஹூக்கர் இரண்டுக்கும் நடுவில். ஆக, 19 வயது ப்ராப் பலமான அணிக்குப் போகலாம். 19 வயது ஹாஃப்பேக், கடைசி இடத்தில் இருக்கும் அணி முதல் இடத்தைத் தருகிறது என்றால் அங்கே போவதே மேல்.

பெரிய ஆட்டக்காரர்களே அணி மாறத் தயங்குவதில்லை. ஃபுல்பேக் டமிகா அப்டன் பிராங்கோஸிலிருந்து நியூகாசிலுக்குப் போய் 2022, 2023 இரண்டு வருஷமும் கோப்பை வென்றார். பிறகு பிராங்கோஸுக்கே திரும்பி 2025-ல் இன்னொன்று. கிளப் மாறினால் விசுவாசம் போய்விட்டது என்று யாரும் நினைப்பதில்லை.

அடுத்தது அடிபடுதல். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தால் திரும்பி ஆட 9 முதல் 12 மாதம். ஆகஸ்டில் கிழிந்தது என்று வையுங்கள். அடுத்த வருஷம் மே முதல் ஆகஸ்டுக்குள்தான் களம். அதாவது இந்த சீசனின் பாதியும் போகும், அடுத்த சீசனின் முன்பயிற்சியும் போகும், சில வேளை அடுத்த சீசனே போகும். ஒரு வருஷ ஒப்பந்தத்தில் இருப்பவள், ஓட முடியாத நிலையில் அடுத்த ஒப்பந்தம் பேச வேண்டியிருக்கும். 2023-லிருந்து பல வருஷ ஒப்பந்தம் போட வழி வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு 5,000 டாலர் அதிகம் என்று ஒரு கிளப்பும், இரண்டு வருஷத்துக்குக் குறைந்தபட்சம் என்று இன்னொரு கிளப்பும் சொன்னால், தயங்காமல் இரண்டாவதை எடுங்கள்.

ஏ.சி.எல். பெரும்பாலும் மோதலில் கிழிவதில்லை. முழு வேகத்தில் ஓடி வந்து திடீரென்று நின்று பக்கவாட்டில் வெட்டும்போது, பாதம் தரையில் ஊன்றி முழங்கால் உள்பக்கம் மடங்கி விடுகிறது, அப்போதுதான் போகிறது. தொடையின் பின்தசையும் இடுப்புத் தசையும் அந்த நேரத்தில் முழங்காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பயிற்சிக்கு முன் 15, 20 நிமிஷம் தாவி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, வேகத்தைக் குறைத்து நிற்பது என்ற வார்ம்-அப் எந்த அணியில் கட்டாயமாக நடக்கிறது என்று கேளுங்கள். அங்கே முழுநேர ஃபிசியோ இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டு பதிலும் 5,000 டாலருக்கு மேல் பெறும்.

தலையில் அடிபட்டால் வேறு கணக்கு. மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் குறைந்தது 11 நாள் கட்டாய ஓய்வு. வாரம் ஓர் ஆட்டம் நடக்கும் லீக்கில் அடுத்த ஆட்டம் பெரும்பாலும் போயே போய்விடும். இதில் பந்தோடு ஓடுகிறவளைவிட, அவளைப் பிடித்துச் சாய்க்கிறவளுக்குத்தான், அதாவது டேக்கிள் செய்கிறவளுக்குத்தான், ஆபத்து அதிகம். காரணம் பெரும்பாலும் ஒன்றே: தலை தப்பான பக்கம் போகிறது. எதிராளியின் இடுப்புக்கு முன்னால் தலையை வைத்தால் முழங்காலோ இடுப்பெலும்போ வந்து மோதும். பின்னால், கன்னத்தை அவள் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். 19 வயதில் இது இன்னும் பழகவில்லை என்றால், எந்த ஒப்பந்தத்துக்கும் முன் இதைச் சரி செய்வதே முதல் வேலை.

மாநில லீக்கும் படிப்பும்

"பயிற்சிக்கு மட்டும் வா" என்று அழைக்கும் இடங்களையும், மாநில அளவிலான பெண்கள் போட்டிகளையும் இரண்டாம் தரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அதை நாங்கள் ஏற்கவில்லை. மாநில அணியில் வாரா வாரம் முழு ஆட்டம் ஆடுகிற பெண், மேல் அணியில் ஏழு பேரில் ஒருத்தியாக உட்காருகிறவளைவிட வேகமாக முன்னேறுவாள். மேல் அணிகளின் பயிற்சியாளர்கள் ஆட்களைத் தேடுவதும் இங்கேதான்.

குறை பணத்திலும் பாதுகாப்பிலும். இதைக் கொண்டு பிழைக்க முடியாது. காப்பீடும் மேல் லீக் போல இல்லை. முழங்கால் அறுவைக்கு அரசு மருத்துவமனை என்றால் காத்திருப்புப் பட்டியல், தனியார் என்றால் கைக்காசு. மாநில லீக்கில் ஆடும் பெண் தன் பேரில் மருத்துவமனைக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பெற்றோரின் குடும்பக் காப்பீட்டில் அவள் இன்னும் இருக்கிறாளா, அதில் மூட்டு அறுவை அடங்குமா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். மலிவான திட்டங்களில் அது விடுபட்டிருக்கலாம். சீசன் தொடங்கிய பிறகு மாற்றினால் காத்திருப்புக் காலம் குறுக்கே வரும்.

படிப்பு எப்படி? ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் முதல் செமஸ்டர் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் வரை, இரண்டாவது ஜூலை கடைசியிலிருந்து நவம்பர் வரை. லீக் சீசன் அப்படியே இரண்டாவது செமஸ்டரின் மேல் வந்து உட்காருகிறது. அதனால் முதல் செமஸ்டரில் நான்கு பாடம், இரண்டாவதில் ஒன்று, கூடிப்போனால் இரண்டு. மேல் அணியில் திடீரென்று இடம் கிடைத்துவிட்டால், சென்சஸ் தேதிக்குள் பாடத்தை விலக்கிவிட வேண்டும். இரண்டாம் செமஸ்டருக்கு அது பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் வரும். தாண்டிவிட்டால் படிக்காத பாடத்துக்கும் கட்டணம் கடனில் ஏறிவிடும். நர்ஸிங், ஆசிரியர் பயிற்சி படிக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வாரக்கணக்கில் முழுநாள் நடக்கும் களப்பயிற்சி. அது எந்த மாதத்தில் வரும் என்று சேருவதற்கு முன்பே துறையில் கேட்டு, முதல் பாதியிலோ நவம்பர் மாதத்திலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வேலை என்றால் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளக்கூடிய வேலை. 2016-ல் சிட்னியின் ஷார்க்ஸ் கிளப்போடு ஒப்பந்தமாகி, ஓர் ஆண்கள் லீக் கிளப் ஒப்பந்தம் செய்த முதல் பெண் என்று அறியப்பட்ட ருவான் சிம்ஸ் தீயணைப்பு வீரராக இருந்தார். அந்தத் தலைமுறை ஷிஃப்டுக்கு நடுவே பயிற்சி எடுத்துத்தான் இன்றைய சம்பளத்துக்கு வழி திறந்தது.

செவன்ஸ்: வருஷம் முழுக்கச் சம்பளம், மிகக் குறுகிய வாசல்

ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிஷம், மொத்தம் 14 நிமிஷம். சுலபமாகத் தோன்றும். ஆனால் ஒலிம்பிக்கில் பதக்கம் வரை போகும் அணி 3 நாளில் 6 ஆட்டம் ஆடுகிறது. மைதானமோ 15 பேர் ஆடும் அதே முழு மைதானம். ஆஸ்திரேலியாவின் தேசிய செவன்ஸ் குழு சிட்னியில் ஒரே இடத்தில் வருஷம் முழுக்கப் பயிற்சி எடுக்கிறது. பயணம் நிறைய, ஒலிம்பிக் கனவும் உண்டு. ஆஸ்திரேலியப் பெண்கள் 2016 ரியோவில் நியூசிலாந்தை 24-17 என்று வென்று முதல் தங்கத்தை எடுத்தார்கள். டோக்கியோவும் பாரிஸும் நியூசிலாந்துக்குப் போயின. பாரிஸில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஆஸ்திரேலியா அமெரிக்காவிடம் 12-14 என்று கடைசி நொடியில் தோற்றது.

ஒலிம்பிக் அணியில் 12 பேர். லீக்கின் 288 இடங்களையும் இந்த 12-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் மகள் மாநிலத்திலேயே மிக வேகமானவர்களில் ஒருத்தி, பத்து ஓட்டத்துக்குப் பிறகும் வேகம் குறையாதவள் என்றால் இது அவளுக்கான வாசல். நெருக்கத்தில் மோதிப் பத்து மீட்டர் எடுப்பதில்தான் அவள் பலம் என்றால் இங்கே இரண்டு வருஷம் வீணாகும்.

செவன்ஸுக்குப் போனால் லீக்குக்குத் திரும்ப முடியாதே என்ற பயம் வேண்டாம். எமா டொனிகாட்டோ 2013-ல் ஆஸ்திரேலிய லீக் அணிக்காக உலகக் கோப்பை ஆடினார், 2016-ல் செவன்ஸில் ஒலிம்பிக் தங்கம், பிறகு லீக்குக்குத் திரும்பி டிராகன்ஸுக்கு ஆடி 2021 சீசனின் சிறந்த வீராங்கனைக்கான டாலி எம் விருதை மில்லி பாயிலோடு பகிர்ந்தார். எவானியா பெலிட்டேவும் ரியோ தங்கத்துக்குப் பிறகு லீக்குக்கு வந்து 2022 உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். நியூசிலாந்தின் டைலா நேத்தன்-வாங் 2023-ல் டிராகன்ஸுக்கு ஆடி, பாரிஸுக்காகச் செவன்ஸுக்குத் திரும்பி 2024-ல் தங்கம் வாங்கி, 2025-ல் வாரியர்ஸ் அணியில் லீக் ஆடினார். ஸ்டேசி வாக்கா பாரிஸ் தங்கம் வாங்கிய கையோடு பிராங்கோஸில் சேர்ந்தார். பாதை இருபக்கமும் திறந்தே இருக்கிறது.

ஆனால் அவசரப்பட்டு மாறினால் உடம்பு தாங்காது. ஆஸ்திரேலிய செவன்ஸின் பெரிய பெயரான ஷார்லட் காஸ்லிக் 2020-ல் ரூஸ்டர்ஸுக்கு லீக் ஆட வந்தார். முதுகெலும்பு முறிவோடு அந்தச் சீசன் சீக்கிரமே முடிந்தது. செவன்ஸில் பெரும்பாலும் ஒருத்தியோடு ஒருத்தி மோதுகிறார்கள். லீக்கில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியை இறுக்கித் தரையில் சாய்க்கிறார்கள். அந்த எடையைத் தாங்கக் கழுத்து, முதுகுத் தசைகளுக்கு இரண்டு மூன்று மாத முன்பயிற்சி வேண்டும்.

திறமையிலும் ஒரு சின்ன இடத்தில்தான் எல்லாம் சிக்குகிறது. அதைப் பிளே-தி-பால் என்பார்கள். லீக்கில் டேக்கிள் ஆனதும் நீங்கள் எழுந்து நிற்க வேண்டும், எதிராளியின் கோல் பக்கம் பார்த்து, பந்தைக் கால் முன்னால் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும். பின்னால் நிற்கும் டம்மி ஹாஃப் எடுப்பாள். இதை இரண்டு மூன்று நொடிக்குள் செய்தால் எதிரணி 10 மீட்டர் பின்வாங்கி வரிசை கட்டுவதற்குள் அடுத்த ஓட்டம் தொடங்கிவிடும். செவன்ஸிலிருந்தும் 15 பேர் ரக்பியிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பழக்கம் வேறு. விழுந்ததும் உடம்பை நீட்டி, பந்தைக் கையால் தன் அணிப் பக்கம் நீளமாக வைப்பார்கள். லீக்கில் அப்படிக் கிடந்தால் எழும்ப நேரமாகும், எதிரணி வரிசை கட்டிவிடும். அவசரத்தில் எழுந்தால் பந்து கைநழுவும், பந்து எதிரணிக்கு. ஆறு டேக்கிள்தான் ஒரு அணிக்கு என்பதால் ஒரு நழுவலின் விலை பெரிது. புதிதாக வருகிறவர்களை விழு, முழங்காலை உள்ளே இழு, எழு, உருட்டு என்று ஒரு பயிற்சிக்கு நாற்பது ஐம்பது தடவை செய்ய வைக்காத பயிற்சியாளர் வேலையை முடிக்கவில்லை என்றே அர்த்தம்.

பதினைந்து பேர் ரக்பி

ஆஸ்திரேலியாவில் சூப்பர் டபிள்யூ. என்ற போட்டி 2018-ல் தொடங்கியது. சீசன் சில வாரங்களே. கிளப் அளவில் லீக்கை ஒப்பிட்டால் இடமும் பணமும் குறைவு, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் சர்வதேச அளவில் இது பெரிய ஆட்டம். 2025 பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்றதை ட்விக்கன்ஹாமில் 81,885 பேர் பார்த்தார்கள். 2029 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவில். இன்று 19 வயதுப் பெண் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பாள். உடம்பு உச்சத்தில் இருக்கும் வயது. பெரிய உடம்பும் பலமும் உள்ள ப்ராப்களுக்கு இந்த வழியை நாங்கள் தனியாகச் சொல்வோம், ஏனென்றால் இரு அணி ஃபார்வர்டுகளும் கோத்து நின்று தள்ளும் ஸ்க்ரம் உண்மையாகவே நடக்கும் ஆட்டம் இதுதான்.

லீக்கிலிருந்து போகிறவள் முதல் மாதத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு. லீக்கில் டேக்கிள் செய்தவள் நடுவர் விடச் சொல்லும்வரை பிடித்துக்கொள்ளலாம், பிடித்துக்கொள்ளத்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள். இங்கே எதிராளி தரையில் விழுந்த உடனே கையை விட்டாக வேண்டும், இல்லையென்றால் பெனால்டி. பல வருஷப் பழக்கம் என்பதால் ஒரே ஆட்டத்தில் மூன்று நான்கு தடவை வாங்கிவிடுவார்கள். பயிற்சியாளர்கள் இதற்கு ஒரு சொல் பழக்குகிறார்கள்: டேக்கிள் முடிந்ததும் வாய்விட்டு "விட்டேன்" என்று சொல்லி இரண்டு கையையும் விரித்துக் காட்டுவது. நாக்கு சொன்னால் கை கேட்கிறது.

இங்கிலாந்து

லீக் இங்கே பழைய ஆட்டம், பழைய ஊர்கள். விகன், லீட்ஸ், செயின்ட் ஹெலன்ஸ், யார்க். பெண்கள் சூப்பர் லீக் 2017-ல் தொடங்கியது. லீட்ஸ், யார்க் போன்ற கிளப்புகள் 2023-லிருந்துதான் வீராங்கனைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கின, அதுவும் பெரும்பாலும் ஆட்டத்துக்கு இவ்வளவு, வென்றால் இவ்வளவு என்ற அளவில். 2023-லிருந்து பெண்கள் சேலஞ்ச் கோப்பை இறுதி வெம்பிளியில் நடக்கிறது, அது ஒரு பெருமையான நாள். ஆனால் வார இறுதி முடிந்ததும் பெரும்பாலோர் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

ஆட்ட அளவின் இடைவெளியை 2025 மார்ச் 1 லாஸ் வேகஸில் பார்த்தோம். ஆஸ்திரேலியா 90, இங்கிலாந்து 4. இதில் இங்கிலாந்துப் பெண்களின் திறமையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி எடுக்க முடிகிறது என்ற ஒன்றுதான் அந்த எண்ணிக்கையில் தெரிகிறது. அங்கிருந்து ஹோலி-மே டாட் கான்பெராவுக்கும் ஃபிரான் கோல்ட்தார்ப் வடக்கு குயின்ஸ்லாந்துக்கும் 2023-ல் வந்ததற்குக் காரணமும் அதுவே. ஓட்டம் அங்கிருந்து இங்கே. ஆஸ்திரேலியப் பெண் எதிர்த்திசையில் போவதற்குச் சம்பளம் காரணமாக இருக்க முடியாது. உலகத்தைப் பார்க்கவோ, படிக்கவோ போகிறாள், அங்கே ஆட்டமும் வேண்டும் என்றால் சரி.

அப்படிப் போகிறவர்கள் விழும் ஒரு பள்ளம் விசா. ஆஸ்திரேலியர்கள் 35 வயது வரை யூத் மொபிலிட்டி விசாவில் மூன்று வருஷம் வரை பிரிட்டனில் தங்கி வேலை செய்யலாம். ஆனால் அந்த விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யக்கூடாது. பயிற்சியாளர் வேலையும் இதில் அடங்கும். முன்பு யாரும் பணம் கொடுக்காததால் இந்தக் கேள்வி எழவில்லை. இப்போது ஆட்டத்துக்கு 50 பவுண்டு கொடுத்தாலும் கேள்வி எழும். கிளப் "ஒன்றும் ஆகாது" என்று வாயால் சொன்னால் போதாது. விசா வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே விமானம் ஏறுங்கள்.

ஆஸ்திரேலிய ஃபுட்பால் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் பெண்கள் லீக் 18 அணிகளோடு, 12 மாத ஒப்பந்தத்தோடு, 2027-ல் சராசரி 82,000 டாலர் என்ற இலக்கோடு நிற்கிறது. பணத்தில் லீக்கைவிட மேல். ஆனால் அங்கே பந்தை உதைப்பதே உயிர். சிறு வயதிலிருந்து உதைத்துப் பழகாதவளுக்கு அந்த இடைவெளியை அடைக்கப் பல வருஷம் ஆகும். நல்ல உயரமும் ஓட்டமும் இருந்து, உதையும் வரும் என்றால் மட்டும் போய்ப் பாருங்கள்.

யாருக்கு எது

சிட்னியில் பெற்றோரோடு இருக்கிற, ஃபார்வர்டாக ஆடுகிற பெண்ணுக்கு 24 பேரில் இடம் கிடைத்தால் எடுக்க வேண்டியதுதான், அதுவும் இரண்டு வருஷத்துக்கு. ஹாஃப்பேக் என்றால், முதல் ஆளுக்கு 24 வயதும் மூன்று வருஷ ஒப்பந்தமும் இருக்கும் அணியில் போய் நிற்க வேண்டாம். ஒரு வருஷம் மாநில லீக்கில் முழு ஆட்டம் ஆடி, படிப்பை ஓட்டிவிட்டு வரலாம். உண்மையான வேகம் உள்ள விங், சென்டர் பெண்களுக்கு 19 முதல் 23 வரை செவன்ஸ், பிறகு லீக் என்ற வரிசையே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. செவன்ஸின் வேகத்தை 26 வயதில் புதிதாகத் தேடுவது கடினம், லீக்கின் பலத்தை 24 வயதில் சேர்க்கலாம். 15 பேர் ரக்பி, 2029-ஐக் கண்ணில் வைத்திருக்கும் பெரிய ப்ராப்களுக்கு.

எதை எடுத்தாலும், லீக் ஒப்பந்தம் மேசைக்கு வரும்போது அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். சம்பளம் 12 மாதமும் வருமா, சீசன் மாதங்களில் மட்டுமா? பயிற்சி காலையிலா, வேலை முடிந்த பிறகா? முன்பயிற்சியில் அடிபட்டால் சம்பளம் முழுதாகத் தொடருமா, எத்தனை மாதம்? அறுவை சிகிச்சைக்கு மருத்துவரை யார் தேர்ந்தெடுப்பது? குடிபெயர வேண்டுமென்றால் வாடகையில் கிளப் பங்கு என்ன? நாளைக்குச் செவன்ஸ் அழைத்தால் விடுவீர்களா? கடைசியாக, பெண்ணே நேராகப் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய ஒன்று: "என் இடத்தில் என்னோடு சேர்த்து எத்தனை பேர், இப்போது நான் அதில் எத்தனையாவது?" இதற்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்கிற பயிற்சியாளரிடம் மகளை அனுப்புங்கள்.